எத்தனை வருஷம் ஆடலாம்?

போன தை மாதம் செம்பூரில் ஓர் அரங்கேற்றம். ஆடிய பெண் என் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள். பூச்செண்டுகளும் பொன்னாடைகளும் ஓய்ந்து, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்த பின்னர் அவளுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருப்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“டீச்சர், இவ டான்ஸையே தொழிலா எடுத்துக்கறேங்கறா. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். பாங்க்ல சேர்ந்தா அறுபது வயசு வரைக்கும்னு தெரியும். இதுல எத்தனை வருஷம்?”

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவிக்குச் சங்கடமாகிவிட்டது. “இன்னிக்குப் போய் இதைக் கேக்கணுமா?” என்று அவரை இழுத்தார். எனக்கு என்னவோ அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இருபத்தைந்து வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன்; இத்தனை நேராக ஒருவரும் கேட்டதில்லை. “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று அன்று நழுவிவிட்டேன். யோசித்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் சங்க இதழிலேயே எழுதினால், சனி ஞாயிறுகளில் குழந்தைகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

நடனமணிக்கு ஓய்வு வயது இத்தனை என்று சட்டம் போட்டே வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. அது பாரிஸ். அங்குள்ள ஆபராவின் பாலே குழுவில் ஆடுபவர்கள் 42 வயதில் ஓய்வு பெற வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வயதுதான். மறுமாதம் முதல் ஓய்வூதியம். இந்த ஓய்வூதிய ஏற்பாட்டின் வேர் 1698-ஆம் ஆண்டில், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் இருக்கிறது. அந்த மன்னரே நன்றாக ஆடக்கூடியவர். 1661-ல் நடனத்துக்கென்று ஒரு கழகத்தையே நிறுவியவர். ஆடினவருக்குத்தானே காலின் வலி தெரியும்!

அங்கே நுழைவது எளிதன்று. எட்டு, ஒன்பது வயதிலேயே ஆபராவின் பள்ளிக்குத் தேர்வு நடக்கிறது. நாந்தேர் என்ற புறநகரில் 1987 முதல் அந்தப் பள்ளி இயங்குகிறது. வருடா வருடம் தேர்வு வைத்துக் கழித்துக்கொண்டே வந்து, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் மிஞ்சுகிற சிலருக்கே குழுவில் இடம். குழுவில் மொத்தம் 150-க்குச் சற்று அதிகமானவர்கள். அவர்களுக்குள் ஐந்து படிகள். உச்சியில் இருப்பவருக்கு ‘நட்சத்திரம்’ என்று பெயர். பெரும்பாலோர் கூட்டத்தில் ஒருவராகவே இருபது இருபத்தைந்து வருடம் ஆடி ஓய்வு பெறுகிறார்கள். ஆனாலும் அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, மருத்துவர் உண்டு, தினமும் காலை வகுப்பு உண்டு.

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஓய்வூதியச் சட்டங்களை மாற்ற முனைந்தபோது, இந்த 42 வயது ஏற்பாடும் போய்விடும் என்ற அச்சம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஆபரா மாளிகையின் வாசலில், அந்தக் குளிரில், வெள்ளை உடையணிந்த பெண்கள் ‘ஸ்வான் லேக்’ ஆடிக் காட்டித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். வேலைநிறுத்தத்தில் எத்தனையோ வகை பார்த்திருக்கிறோம். ஆடிக்கொண்டே செய்த வேலைநிறுத்தம் இது. அவர்கள் கேட்டது சலுகையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

பாலேயில் கால்கள் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திரும்பியிருக்க வேண்டும். நம் அரைமண்டியிலும் அப்படித்தான். ஆனால் அவர்கள் அந்த நிலையிலிருந்து எம்பிக் குதிக்க வேண்டும், ஒற்றைக் காலில் சுழல வேண்டும். ‘ஸ்வான் லேக்’ மூன்றாம் அங்கத்தில் நாயகி ஒரே காலில் நின்று 32 முறை சுழல்கிறாள். அதுவும் கட்டைவிரல் நுனியில். அதற்கென்று அணிகிற காலணியில் இரும்போ மரமோ கிடையாது. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்ததுதான் அதன் நுனி. ஒரே இரவில் இரண்டு ஜோடி நைந்துபோவதும் உண்டு. பாத எலும்புகள் ஓரளவு முற்றி, கணுக்காலுக்குப் பலம் வருகிற பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் அதை அணியக் கூடாது என்பது நல்ல ஆசிரியர்களின் கட்டுப்பாடு. இத்தனைக்கும் பிறகு பாத எலும்புகளில் மயிரிழை போன்ற விரிசல், கணுக்காலின் பின்புறத் தசைநாரில் வீக்கம், இடுப்பு மூட்டின் விளிம்பில் கிழிசல் எல்லாம் அவர்களுக்குச் சாதாரணம்.

இதில் நம் வீட்டுத் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து ஆடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். அது நின்றால் எலும்பும் வலுவிழக்கும். இருபது வயதுப் பெண்ணுக்குப் பாட்டியின் எலும்பு. பாலே மாணவிகளிடம் இதை மருத்துவர்கள் பல காலமாகவே கண்டறிந்து எழுதிவருகிறார்கள். நம் பெண்களிடமும் இந்த ஒல்லி மோகம் வந்துவிட்டது. அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் முன்பு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திய பெண்ணை நானே கண்டித்திருக்கிறேன். சோறு தின்னாமல் வர்ணம் ஆட முடியாது.

சட்டம் 42 என்றாலும் எல்லோரும் 42-ல் நிற்பதில்லை. இங்கிலாந்தின் மார்கோ ஃபோன்டெய்ன் 1919-ல் பிறந்தவர். நாற்பதைத் தாண்டியதும் ஓய்வுபெறும் எண்ணத்தில் இருந்தார். 1962 பிப்ரவரியில், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்திருந்த ருடால்ஃப் நூரேயெவுடன் லண்டனில் ‘ஜிஸெல்’ ஆடினார். அப்போது அம்மையாருக்கு வயது 42, அவருக்கு 23. அந்த ஜோடி பல வருடங்கள் உலகத்தையே கட்டிப்போட்டது. கலையின் வெற்றி என்று இதைக் கொண்டாடுவார்கள், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. 1964-ல் அவருடைய கணவர், பனாமா நாட்டு அரசியல்வாதி, துப்பாக்கியால் சுடப்பட்டு உடல் செயலிழந்தார். அவருடைய வைத்தியச் செலவுக்காகவும் அந்த அம்மாள் வலியோடு, வாதத்தோடு, ஏறக்குறைய அறுபது வயது வரை ஆடினார். கடைசியில் அவருக்கே புற்றுநோய். 1990-ல் அவருக்கு நிதி திரட்ட லண்டனில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடத்த வேண்டிவந்தது. மறு வருடம் பனாமாவில் காலமானார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பாலே நடனமணியின் முடிவு இது என்றால் மற்றவர்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பாலேக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த மும்பை நகரமே ஒரு பதில் வைத்திருக்கிறது. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா 1928-ல் பம்பாய்க்கு வந்து ஆடியபோது, பார்வையாளர்களில் ருக்மிணி தேவி இருந்தார். பிறகு இருவரும் ஒரே கப்பலில் பயணம் செய்ய நேர்ந்து நட்பாயினர். ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலேதான். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. அதன்பின் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் முதன்முதலாக மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 31. பாலேயில் அந்த வயதில் ஒருத்தி முதல் மேடை ஏறுவதாகச் சொன்னால் சிரிப்பார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளையவர்களுக்கு அப்போது 66. அந்த வயதில் அவரிடம் கலை முழுமையாக இருந்தது. தட்டுக்கழி கையில் இருக்கிறவரை நட்டுவனாருக்கு ஓய்வு வயது கிடையாது.

நம் ஆட்டத்திலும் உடம்புக்கு அடி உண்டு. செருப்பில்லாத பாதம், தட்டுகிற ஒவ்வொரு அடியும் குதிகாலிலிருந்து முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. பாலேக்காரர்கள் தரைக்கு அடியில் காற்று இடைவெளி விட்டு, மரச்சட்டங்கள் மேல் பலகை அடித்து, மிதித்தால் சற்றுக் கொடுக்கிற தரையில்தான் ஆடுவார்கள். நம் பிள்ளைகள் ஆடுவது நாலாவது மாடி ஃபிளாட்டின் கான்கிரீட் தளத்தில், அதன் மேல் பளிங்கோ டைல்ஸோ. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுகிறார். நமக்கு அவர்மேல் கோபம் வருகிறது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குழந்தையின் முழங்கால் சார்பில் அவர் வந்திருக்கிறார்.

என் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதில் தொழிலாக ஆடத் தொடங்கி முப்பத்து நாலில் நிறுத்தினேன். மொத்தம் பதினைந்து வருடம். எனக்கு இடுப்பு மூட்டு இயல்பாகவே அதிகம் திரும்பாது. எலும்பு அமைந்த விதம் அப்படி. பயிற்சியால் ஓரளவுதான் மாற்ற முடியும். அரைமண்டியில் பாதங்கள் நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக, இடுப்பில் கிடைக்காத திருப்பத்தை முழங்காலை முறுக்கி ஈடுகட்டினேன். வலிக்கிறது என்று சொன்னபோது, எனக்குக் கற்றுக்கொடுத்தவர், “வலிச்சாத்தான் அடவு உக்காரும்” என்றார். அவர்மேல் மரியாதை எனக்கு இன்றும் குறையவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மன்னிக்கவில்லை. கடைசி இரண்டு வருடம் உடைக்கு உள்ளே பாண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடினேன். அதனால் என் வகுப்பில் புதுக் குழந்தை சேர்ந்தால் முதல் காரியமாகக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறேன். குறைவாகத் திரும்புகிற குழந்தைக்குப் பாதக் கோணமும் குறைவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். “மத்தவா மாதிரி பாதம் திரும்பலையே” என்று பாட்டிகள் குறைப்படுவதுண்டு. முழங்கால் பாதவிரலின் திசையிலேயே மடங்கினால் போதும் என்று சொல்லிவைப்பேன்.

ஆனால் நம் கலைக்குள் பாலேயில் இல்லாத ஒரு கருணை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த கச்சேரி வரிசையை நினைத்துப் பாருங்கள். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் என்று ஏறி, வர்ணத்தில் உச்சிக்குப் போய், அதன்பின் பதத்தில் உட்கார்ந்துகூட அபிநயிக்கலாம். ஜாவளி, கடைசியில் தில்லானா. வர்ணத்திலேயே ஜதிக் கோவைகளும் சஞ்சாரிகளும் மாறி மாறி வருகின்றன. வயது ஏற ஏற ஜதியைச் சுருக்கி அபிநயத்தை விரிக்க இந்த அமைப்பு இடம் கொடுக்கிறது. இருபது வயதுப் பெண் தாயின் ஏக்கத்தையும் கைவிடப்பட்டவளின் கோபத்தையும் காட்டுவது பெரும்பாலும் கேட்டுப் படித்ததைக் காட்டுவதுதான். நாற்பதில் முகத்துக்கே அது தெரிந்துவிடுகிறது.

இதற்கு பாலசரஸ்வதியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1918-ல் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். குரு கந்தப்பப் பிள்ளை. நடுவில் உடல்நலக் குறைவால் மேடை குறைந்த வருடங்கள் உண்டு, உடம்பும் பருத்தது. 1961-ல் டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசை விழாவில் அவர் ஆடினார். 43-ஐத் தொடும் வயது, அதாவது பாரிஸில் ஓய்வூதியப் படிவம் நீட்டுகிற வயது. அங்கிருந்துதான் அவருடைய உலகப் புகழ் தொடங்குகிறது. 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ. 1973-ல் மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதை முதன்முறையாக ஒரு நடனக் கலைஞருக்குக் கொடுத்தது. 1976-ல் சத்யஜித் ராய் ‘பாலா’ என்ற படத்தை எடுத்தபோது, கடற்கரைக் காற்றில் அவர் அபிநயம் பிடிக்கிறார், வயது 58. சேலை காற்றில் அலைக்கழிகிறது; கையோ கண்ணோ அலையவில்லை. என் மாணவிகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை இதைப் போட்டுக் காட்டுவேன். முதல் தடவை பார்க்கிற சின்னப் பெண்கள் சிரிப்பார்கள். பதினெட்டு வயதில் அதே பெண்கள் பேசாமல் பார்க்கிறார்கள்.

ஆக, அந்தத் தகப்பனாருக்கு “பாலேயைவிட நீண்ட ஆயுள் உண்டு சார்” என்று சொல்லி முடித்துவிடலாமா? கூடாது. உடம்பு அனுமதிக்கிற வருடங்கள் வேறு, பணம் அனுமதிக்கிற வருடங்கள் வேறு. பாலாவுக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்றுக்கொடுத்த கௌரி அம்மாள், கபாலீசுவரர் கோயிலோடு இணைந்திருந்தவர். தேவதாசி முறையை ஒழித்த 1947 சட்டத்துக்குப் பிறகு கோயில் தந்த ஆதரவும் இல்லாமல், முதுமையில் வறுமையில் வாழ்ந்து 1971-ல் மறைந்தார். அந்த முறை ஒழிந்தது சரியே. ஆனால் ஆடுகிறவளுக்குச் சோறு போடுவது இனி யார் என்ற கேள்விக்கு அதற்குப் பின் ஒருவரும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை.

இன்று ஒரு கச்சேரி என்றால் பாட்டுக்கு ஒருவர், நட்டுவாங்கத்துக்கு ஒருவர், மிருதங்கம், புல்லாங்குழல் அல்லது வயலின், ஒப்பனை, உடை, வண்டிச் செலவு. இவர்கள் எல்லோருக்கும் கொடுத்தபின் ஆடியவளுக்கு மிஞ்சுவது பல சமயம் மாலை மட்டும். என்னிடமே ஒரு சபாக்காரர், பெயர் வேண்டாம், மேடை தருவதற்கு ‘நன்கொடை’ கேட்டார். அப்பா கொடுத்தார். அடுத்த வருடமும் கேட்டார்கள். அப்பாவின் பி.எஃப். பணம் எதில் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர்களில் அரங்கேற்றத்தோடு சலங்கையை அவிழ்த்து வைப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

மத்திய அரசின் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்கத் தவற வேண்டாம். வறிய மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6000 ரூபாய் வரை நிதியுதவித் திட்டமும் உண்டு. அது 60 வயதுக்கு மேல். பாரிஸில் 42-ல் கொடுக்கிறார்கள், இங்கே 60-ல். நடுவில் உள்ள பதினெட்டு வருடத்துக்கு அவள் என்ன செய்வாள்? கணக்கு தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பென்சிலை எடுக்கலாம்.

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்துபவர்கள் மறுபடி படிக்கவும் வேறு தொழில் கற்கவும் உதவுவதற்கென்றே இங்கிலாந்தில் 1973-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். 1985-ல் கனடாவிலும் அமெரிக்காவிலும், 1986-ல் நெதர்லாந்திலும் அதே போன்ற அமைப்புகள் வந்தன. நெதர்லாந்தில் ஆடுபவர் தம் சம்பளத்தில் ஒரு பங்கும், குழு ஒரு பங்குமாக ஆடுகிற காலத்திலேயே சேர்த்து வைக்கிறார்கள். சம்பளம் உள்ள இடத்தில் அது நடக்கும். நமக்குச் சம்பளமே இல்லையே! நம் சங்கங்கள் விழா மலருக்கும் மேடைத் தோரணத்துக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை ஆடுகிற பெண்ணுக்குச் சன்மானமாகக் கொடுத்தாலே அது ஒரு தொடக்கம். செயற்குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன நவராத்திரிக்கு நம் மேடையில் ஆடிய பெண் டாக்ஸிக்குத் தன் கைக்காசைத்தான் கொடுத்தாள்.

போன மாதம் அந்தத் தகப்பனாரை வீட்டுக்கு அழைத்து இதையெல்லாம் சொன்னேன். முழு வேகத்தில் வர்ணமும் தில்லானாவும் ஆடுவதற்கு, உடம்பைப் பேணினால், முப்பத்தைந்து முதல் நாற்பது வரை. அபிநயத்துக்கு அதற்கு மேல் இருபது வருடம்கூடக் கிடைக்கும். ஆனால் அந்த வயதில் ஆடுவதற்கான பாட்டுப் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும். பாடத் தெரியாமல் பதம் பிடிக்க முடியாது. நட்டுவாங்கம் கற்க வேண்டும். கால் ஓய்ந்த பின் கை சம்பாதிக்கும். கல்லூரிப் படிப்பை விட வேண்டாம், கணக்கியலோ பிசியோதெரபியோ எதுவானாலும் சரி. காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிட்டுப் போகட்டும்.

அவர் ஒரு பழைய டைரியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “அப்ப நாப்பதுலேருந்து அறுபது வரைக்கும்தான் பள்ளம்” என்றார். தனக்கும் ஓய்வு நெருங்குவதால், அவள் பெயரில் பதினைந்து வருட பி.பி.எஃப். கணக்கு ஒன்றை அந்த வாரமே திறப்பதாகச் சொன்னார். பெண் அதையெல்லாம் கேட்காதவள் போல ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் நாற்பது என்பது வேறு யாருக்கோ வருகிற வயது.

தட்டுக்கழியையும் மனையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஆதி தாளத்தில் முதல் அடவுக்குத் தட்டச் சொன்னேன். கால் ஆயிரம் தடவை ஆடிய அடவு அது. நாலாவது சுற்றிலேயே கை தடுமாறிவிட்டது. “அய்யோ டீச்சர், இது ரொம்ப கஷ்டம்!” என்றாள். இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அதற்கென்று தனியாக வருகிறாள்.